தாத்தாவின் மைப்பேனா என்ன விலை போகும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர் தோட்டப் பட்டணங்களில் பெரியவர் ஒருவர் காலமாகி, அலமாரியைத் திறந்து பழைய மைப்பேனா ஒன்றை எடுத்தால், அது முதலில் போய்ச் சேரும் இடம் நகைக்கடைதான். முள் மஞ்சளாக மின்னுகிறது, அதில் 14K என்று வெட்டியிருக்கிறது, ஆகவே தங்கம். கல்லாவில் இருப்பவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "முள்ள மட்டும் கழட்டிக் குடுங்கண்ணே, எடை போட்டுக் காசு தரேன்" என்பார். குறடால் இழுத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். அந்த நொடியிலேயே பேனாவின் விலையில் பெரும்பகுதி போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். 14 காரட் என்றால் 24 பங்கில் 14 பங்கு, அதாவது நூற்றுக்கு 58 சொச்சம் தங்கம். சாதாரண அளவுள்ள முள்ளின் எடை பெரும்பாலும் அரை கிராமுக்குள் அடங்கிவிடும். முள் 0.4 கிராம் என்று வைத்தால் அதில் சுத்தத் தங்கம் 0.23 கிராம்தான். உருக்குவதற்கான கழிவு போக மிஞ்சுவதை அன்றைய தங்க விலையால் பெருக்கிப் பாருங்கள். நல்ல பேனா முழுசாகப் போகும் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. தாளைத் தொடும் நுனியில் ஒரு பொட்டு இருக்கிறதே, அது தங்கமே இல்லை. தங்கம் தேய்ந்துவிடும் என்பதால் கடினமான வேறு உலோகக் கலவையை அங்கே உருக்கி ஒட்டியிருப்பார்கள். பேனா வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பொட்டைத்தான். நகைக்கடைத் தராசில் அதற்கு மதிப்பே கிடையாது.

மூடியும் உடலும் பொன்னிறமாக இருந்தால் இன்னொரு குழப்பம் வரும். "ரோல்டு கோல்டு", "கோல்டு ஃபில்டு", 1/10, 1/16 என்ற எழுத்துகள் இருந்தால் அது பித்தளைமேல் ஒட்டிய தங்கத் தகடு. முலாமைவிடக் கனமானது, ஆனாலும் அடியில் பித்தளைதான். கெட்டித் தங்கமாக இருந்தால் 375, 585, 750 போன்ற எண்ணோடு முத்திரை இருக்கும். 925 என்றால் வெள்ளி. பிரிட்டிஷ் வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை தனியாக இருக்கும். எண்ணும் முத்திரையும் இல்லாத பொன்னிறத்தைத் தங்கம் என்று எண்ணி எங்கும் பேரம் பேச வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. துடைக்காதீர்கள், பிராசோ போன்ற உலோக மெருகு போடாதீர்கள், பின்பக்கக் குமிழைத் திருகிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உள்ள நெம்பை நகத்தால் தூக்காதீர்கள், வெந்நீரில் போடாதீர்கள். எந்தப் பேனா, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை கிடைத்த நிலையிலேயே இருக்கட்டும். அதோடு கிடைத்த பெட்டி, வாங்கிய சீட்டு, விலை ஒட்டிய காகிதம், காலி மைப்புட்டி எதையும் வீசாதீர்கள். காகிதத்தோடு வரும் பேனா எப்போதும் கூடுதலாகப் போகும்.

நம் வீடுகளில் மட்டும் காணும் ஒரு விஷயம் சரஸ்வதி பூசைச் சந்தனம். ஆண்டுதோறும் புத்தகத்தின்மேல் வைத்துப் பொட்டிட்ட பேனாவின் கிளிப் அடியிலும் மூடி விளிம்பிலும் சந்தனமும் குங்குமமும் கெட்டியாகப் படிந்திருக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் மஞ்சள் கரைந்து வெளிர்நிற உடலில் ஏறிவிடும், பிறகு போகாது. மென்மையான பல்துலக்கியைக் காய்ந்தபடியே வைத்து மெதுவாகத் தட்டி உதிர்ப்பதுதான் சரி. இடுக்கில் நிற்பதைப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

பார்ப்பதற்குத் தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். 10 மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி, கைவிளக்கு, சின்னக் காந்தம், பஞ்சுக்குச்சி, வெள்ளைத் தாள். காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை: முள் காந்தத்தில் ஒட்டினால் அது எஃகு, சந்தேகமில்லை. ஒட்டாவிட்டால் தங்கம் என்று அர்த்தமில்லை. பித்தளையும் ஒட்டாது, காந்தம் பிடிக்காத எஃகும் உண்டு.

எழுத்துகள் நான்கு இடத்தில் இருக்கும்: முள், கிளிப், மூடி விளிம்பு, உடல். உடலில் உள்ளது பல சமயம் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாது. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, உடலை மெல்லச் சுழற்றினால் நிழலில் எழுத்து எழும்பும். கைப்பேசியில் அதே கோணத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சுண்ணாம்புத் தூள், பென்சில் தூள் எதையும் தேய்த்து எழுத்தை எடுக்க வேண்டாம், அது கோடுகளில் தங்கிவிடும்.

தோட்டக் கணக்கர்களான கிராணிமார் வீட்டிலிருந்து வருபவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது பார்க்கர் 51. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1941-இல் சந்தைக்கு வந்து 1970-களின் தொடக்கம்வரை செய்யப்பட்ட பேனா. அமெரிக்காவின் ஜேன்ஸ்வில்லிலும் இங்கிலாந்தின் நியூஹேவனிலும் செய்தார்கள். முள் வெளியே தெரியாது. உடலோடு சேர்ந்த ஒரு குல்லாவுக்குள் அது ஒளிந்திருக்கும், நுனி மட்டும் சில மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். 14K என்ற எழுத்தும் குல்லாவுக்குள்தான் இருக்கும். "எழுத்தே இல்லை, போலி" என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தைத் தேடிக் குல்லாவைத் திருகாதீர்கள், அரக்கு வைத்து ஒட்டிய இடம் அது. சூடு காட்டாமல் திருகினால் விரியும்.

குல்லாவுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய உலோக வளையம் உண்டு. மூடிக்குத் திருகு கிடையாது. அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய் அந்த வளையத்தில் பிடிக்கும். அண்மையில் அதே பெயரில் மறுபடி வெளிவந்த புதிய 51-இல் மூடி திருகிப் பூட்டும்படி இருக்கும். அது பழைய பேனா அல்ல. மூடி விளிம்பில் பொடி எழுத்தில் மாடல் பெயர் வெட்டியிருப்பார்கள். 51 என்று இருக்கிறதா, 21 என்று இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் படியுங்கள். 21 பார்வைக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் முள் எஃகு, பிளாஸ்டிக்கும் மட்டம், விலை வெகுவாகக் குறையும். மூடியை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே ஆபீசில் நாலு பேர் பார்க்கர் வைத்திருந்தால் மூடிகள் மாறிப்போவது சகஜம். 21-இன் உடலில் 51-இன் மூடி உட்கார்ந்திருந்தால் வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்.

அடுத்து மை நிரப்பும் முறை. உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே உலோக உறையும் அதில் அழுத்தும் கம்பியும் தெரிந்தால் அது 1948-க்குப் பிந்திய ஏரோமெட்ரிக். உறையிலேயே எப்படி அழுத்துவது என்று எழுதியிருக்கும். அதன் பை ரப்பர் அல்ல, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். எழுபது ஆண்டு கழித்தும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். முள் நுனியைச் சாதாரணத் தண்ணீரில் வைத்துக் கம்பியை அழுத்தினால் குமிழி வர வேண்டும், விட்டதும் தண்ணீர் ஏற வேண்டும். அவ்வளவு போதும், "மை இழுக்கிறது" என்று தைரியமாக எழுதி விற்கலாம். உடலின் பின்முனையில் சின்ன மூடியைத் திருகினால் ஓர் அழுத்துக் குமிழ் தெரிந்தால் அது முந்தைய வாக்குமாட்டிக். அதில் ரப்பர் சவ்வு உண்டு. அழுத்திப் பார்க்காதீர்கள், கெட்டியான சவ்வு கிழியும். சவ்வு மாற்றினால்தான் எழுதும், ஆகவே பழுது பார்க்காத நிலையில் விலை இறங்கும்.

நிறமும் விலை பேசும். கறுப்பு, பர்கண்டி என்ற கருஞ்சிவப்பு, டீல் என்ற பச்சைநீலம், சாம்பல் நீலம் ஏராளம். பிளம் என்ற நாவற்பழ நிறம் குறைந்த காலமே வந்தது, அதற்கு ஆள் தேடி வருவார்கள். மங்கிய விளக்கில் பிளமும் பர்கண்டியும் ஒன்றுபோல் இருக்கும். வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

51-இன் சாயலில் சீனாவில் செய்த ஹீரோ 616, 329 போன்றவையும் நம் பக்கத்து வீடுகளில் நிறையக் கிடக்கின்றன. அவை எழுத நன்றாக இருக்கும், பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காலமெல்லாம் வைத்து எழுதிய பேனா. ஆனால் முள் எஃகு, மறுவிற்பனையில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அவற்றை விற்பதைவிடக் கழுவி, மை ஊற்றி, பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதுதான் சரியென்று தோன்றுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பார்க்கர் 61, 1956-இல் வந்தது. பை இல்லை, பின்புறத்தை மையில் நிறுத்தினால் தானே உறிஞ்சும். குல்லாவில் சின்ன அம்பு பதித்திருக்கும், அது விழுந்திருந்தால் விலை விழும். ஷேஃபரில் மூடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் மேல்தர வரிசை. 1952-இல் வந்த ஸ்நார்க்கலில் பின்குமிழைத் திருகினால் முள்ளடியிலிருந்து ஊசிபோல் குழாய் நீளும். உள்ளே ரப்பர் பாகம் ஒன்றல்ல, மூன்று நான்கு. அடைத்திருந்தால் திருகவே வேண்டாம். பெலிக்கான் 400, 1950-இலிருந்து வருவது, உடலில் கோடுகள், பின்குமிழ் சுழற்றினால் பிஸ்டன் நகரும். மான்பிளாங்க் என்றால் எல்லாருக்கும் கண் விரியும், போலிகளும் அதில்தான் அதிகம். முள்ளில் 4810 என்ற எண்ணைப் போலியிலும் வெட்டிவிடுவார்கள். உடலைத் திறந்து பார்ப்பதுதான் நல்ல சோதனை: பெரிய 149 மாடல் பிஸ்டன் பேனா, அதற்குள் மைக்குப்பி செருகும் ஏற்பாடு இருந்தால் அது போலி.

ஆங்கிலேயர் காலத்துப் பேனாக்களில் கான்வே ஸ்டூவர்ட், ஸ்வான் இரண்டையும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நெம்பு வைத்தவை, உடலில் மாடல் எண் வெட்டியவை. கான்வே ஸ்டூவர்ட்டில் சில பழைய வண்ணப் பேனாக்கள் பாலில் இருந்து எடுக்கும் கேசீன் என்ற பொருளால் செய்யப்பட்டவை. அது தண்ணீரில் ஊறினால் உப்பிக் கோணிவிடும். ஓர் இரவு ஊறப் போட்டால் காலையில் பேனா இருக்காது. என்ன பொருள் என்று தெரியாத வண்ணப் பேனாவின் உடலைத் தண்ணீரில் போடவே கூடாது என்பதற்கு இது ஒன்றே காரணம்.

இந்த நெம்புப் பேனாக்களின் உள்ளே இருப்பது ரப்பர் பை. ரப்பர் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து கோலாகங்சார் பக்கம்தான். அங்கே 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் வம்சத்துப் பால்தான் பேனாவுக்குள் பையாகவும், கந்தகம் நிறையச் சேர்த்துச் சுட்டால் எபோனைட் என்ற கருங்கட்டையாகி உடலாகவும், முள்ளுக்கு அடியில் மை ஓடும் நாக்காகவும் ஆனது. பால் வெட்டியவர் கையைக் கடந்து கப்பலேறிய பொருள், கிராணியின் பேனாவாகத் திரும்பித் தோட்டத்துக்கே வந்து பால் கணக்கு எழுதியிருக்கிறது.

அந்தப் பை வயதானால் என்னாகும்? ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கின் விளிம்பில் நாள்பட்டுக் காய்ந்த ஒட்டுப்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். பேனாவைக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் பை நொறுங்கிவிட்டது. சத்தம் இல்லாமல் நெம்பு அசைய மறுத்தால் பை கல்லாகி நிற்கிறது. அந்த நிலையில் நெம்பைத் தூக்கினால் உள்ளிருக்கும் தகடு வளையும், அல்லது உடல் நெம்பு ஓரத்தில் கீறும். புதுப் பை மலிவுதான். அளவு எண்ணால் சொல்வார்கள், 16 என்றால் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 16, அதாவது கால் அங்குல விட்டம். ஒட்டுவதற்கு அரக்கு. சூப்பர் குளூ போட்ட பேனாவை அடுத்தவர் திறக்கவே முடியாது, பழுது தெரிந்தவர் கண்ணில் அது செத்த பேனா. முள்ளைப் பிடித்திருக்கும் கழுத்தைக் கழற்ற மிதமான வறண்ட சூடு வேண்டும், முடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்துக் கை பொறுக்கும் அளவுக்கு. மெழுகுவர்த்தி, லைட்டர் கூடவே கூடாது. செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

விற்பதற்கு முன் பழுது பார்க்க வேண்டுமா? சாதாரண மாடலுக்குப் பழுதுக் கூலி விலையை விழுங்கிவிடும். அப்படியே விற்பது மேல். வாங்குபவர்களில் பாதிப் பேர் தாங்களே பை மாற்றத் தெரிந்தவர்கள், தொடாத பேனாவைத்தான் விரும்புவார்கள். பெயர் பெற்ற, பெரிய முள்ளுள்ள பேனாவுக்கு மட்டும், தேர்ந்த கை கிடைத்தால், பழுது பார்த்து விற்பது லாபம்.

இனி நிலை. விலையைத் தீர்மானிப்பதில் மாடலுக்கு அடுத்தது இதுதான், இங்கேதான் பொறுமை வேண்டும். மூடியைக் கழற்றி, கைவிளக்கை உள்ளே விட்டு, விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். தலைமுடி போன்ற கீறல் வெளிச்சத்தில் வெள்ளிக் கோடாகத் தெரியும். அதன்மேல் நகத்தைக் குறுக்காக ஓட்டினால், வெறும் கீறலென்றால் வழுக்கும், விரிசலென்றால் தட்டும். மூடி விளிம்பு விரிசல் உள்ள பேனாவைச் சேகரிப்பவர் பெரும்பாலும் தொடமாட்டார். பிறகு கிளிப்பின் வளைவு, மூடிப் பட்டை, பெருவிரல் படும் இடம். தினமும் காக்கிச் சட்டைப் பையில் வியர்வையோடு கிடந்த பேனாவில் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். அது குறைதான், ஆனால் நேர்மையான குறை, மறுமுலாம் பூசி மறைக்க வேண்டாம்.

எபோனைட் பேனா வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்பு போய்த் தேயிலைச் சாயம்போல் பழுப்பாகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது வேகமாக நடக்கும். மூடி மூடிய பகுதி மட்டும் கறுப்பாகவும் மற்ற இடம் பழுப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம். தண்ணீர் பட்டால் இன்னும் மோசமாகும். கறுப்புச் சாயம் பூசி விற்பது ஏமாற்று. வெளிர்நிறச் செல்லுலாய்டில் வேறு கோளாறு வரும்: உள்ளே மக்கும் ரப்பர் பையின் கந்தக ஆவி உடலை மஞ்சளாக்கும். உடலையும் மூடியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். அதைத் திருப்ப வழியில்லை, விளம்பரத்தில் சொல்லிவிட வேண்டியதுதான்.

முள்ளின் நுனியைக் கண்ணாடியில் பக்கவாட்டாகப் பாருங்கள். பொட்டு சின்ன உருண்டையாக இருந்தால் ஆயுசு உண்டு. கத்தியால் சீவியது போல் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், ஒரே கோணத்தில் செக்ரோல் என்ற தோட்ட வருகைப் பதிவேட்டை எழுதி எழுதித் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தட்டையில் அவர் பேனா பிடித்த சாய்வே பதிந்திருக்கும். முள் நுனி பிளந்து நிற்கும் இரண்டு பற்களில் ஒன்றில் பொட்டு விழுந்திருந்தால் புதுப் பொட்டு வைக்க வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிவரும், சாதாரணப் பேனாவுக்கு அந்தச் செலவு கட்டாது. முள் நடுவில் உள்ள துளையிலிருந்து விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

எழுதிப் பார்க்க மை நிரப்ப வேண்டாம். சாதாரண நீல மையில் துளைவரை தோய்த்து, பிள்ளையார் சுழி போட்டு, பிறகு எட்டு எட்டாக எழுதுங்கள். எல்லாத் திசையிலும் கோடு அறாமல் வந்தால் பற்கள் சமம். ஒரு திசையில் மட்டும் தாளைக் கீறினால் ஒரு பல் தூக்கியிருக்கிறது. சில பழைய முட்கள் லேசான அழுத்தத்திலேயே விரிந்து கோட்டைத் தடிப்பாக்கும், அவற்றுக்கு நல்ல விலை உண்டு. அதற்காக அழுத்திச் சோதிக்காதீர்கள். வளையாத முள்ளை வளைத்தால் பிறகு நிமிராது. இந்திய மை எனப்படும் கெட்டிக் கறுப்பு மை எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது, காய்ந்தால் நாக்கின் கால்வாய் அடைந்துவிடும்.

காய்ந்த மையை எடுக்கச் சாதாரணத் தண்ணீர் போதும். முள் பக்கம் மட்டும் ஒரு விரல் உயரத் தண்ணீரில் நிறுத்தி, நிறம் வரவர மாற்றுங்கள். 51-க்கு இரண்டு நாள், 61-க்கு ஒரு வாரம்கூட ஆகும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம், பழைய பிளாஸ்டிக்கையும் அரக்கையும் அவை கரைத்துவிடும். வெளியே உலர்ந்த மென்துணி. பளபளப்பாக்கும் களிம்பு போட்டுத் தேய்த்தால் உடலில் வெட்டிய எழுத்து மங்கும். எழுத்து தெளிவாக இருக்கும் பேனாவுக்கும் தேய்ந்த பேனாவுக்கும் விலையில் நல்ல இடைவெளி உண்டு.

பெயர் வெட்டிய பேனாக்கள் தனி விஷயம். ஓய்வு பெறும்போதோ, துரை ஊருக்குப் போகும்போதோ அன்பளிப்பாக வந்த பேனாவில் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கண்ணில் அந்நியர் பெயர் ஒரு குறை, கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார். ஆனால் 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு எத்தனையோ பெயர்கள் வரைபடத்தில் இல்லாமல் போயின. அப்படிப்பட்ட பெயர் வெட்டிய பேனா, அதோடு ஒரு பழைய படமோ வேலைச் சான்றோ சேர்ந்தால், தோட்ட வரலாற்றில் அக்கறை உள்ளவருக்கு அது வேறு பொருள். யாராவது "தேய்த்து அழித்துத் தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். அழித்த இடம் குழிவாகத் தெரியும், பெயரும் போய்விடும்.

இப்போது விலை. முடா, கரோசல் போன்ற விற்பனைத் தளங்களிலும் முகநூல் குழுக்களிலும் போட்டிருப்பது கேட்கும் விலை. ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று இரண்டு வருடமாக விற்காமல் கிடக்கும் பேனாவும் அங்கே உண்டு. பார்க்க வேண்டியது விற்று முடிந்த விலை. ஈபேயில் விற்றவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, சுமார் 90 நாள் விற்பனை தெரியும். மாடல், நிறம், மூடி வகை, மை நிரப்பும் முறை நான்கும் ஒத்தவற்றை மட்டும் எடுங்கள். குறைந்தது ஏழு. வெள்ளிக்கு மாற்றி வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், சராசரி போடாதீர்கள்.

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு. ஏழு விற்பனை 210, 235, 240, 260, 275, 310, 520 வெள்ளி என்று வைப்போம். 520-க்குப் போனது பெட்டியும் காகிதமும் உள்ளது, அதனால்தான் சராசரி நம்மை ஏமாற்றும். நடு விலை 260. அவை பழுது பார்த்தவை, உங்களுடையது பார்க்காதது என்றால் பழுதுக் கூலி 60 கழித்து 200. பெயர் வெட்டியதற்கு நூற்றுக்கு 15 கழித்தால் 170. தளத்தின் கழிவு, தபால், பொதி எல்லாம் 30 என்றால் கையில் 140. இதே பேனாவை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உள்ள வியாபாரியிடம் உடனே காசுக்குக் கொடுத்தால் 170-இல் பாதியைச் சுற்றி வரும். அவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், பழுதும் காத்திருப்பும் அவர் தலையில் ஏறுகின்றன. 170-க்கு 40 என்றால் மட்டும் எழுந்து வாருங்கள்.

பிள்ளைகள் நான்கு பேர் பங்கு பிரிக்கும்போது எந்த விலையை வைப்பது என்ற சண்டை வரும். ஒருவர் பேனாவை வைத்துக்கொள்ள விரும்பினால் கையில் நிற்கும் 140-ஐ வைத்துப் பிரிப்பதுதான் நியாயம், ஏனென்றால் விற்றிருந்தால் அனைவருக்கும் கிடைத்திருப்பது அதுதான். 520-ஐக் காட்டித் தம்பியிடம் 390 கேட்பது முறையல்ல. ஏழு விற்பனையின் படங்களையும் கைப்பேசியில் சேமித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

விற்பதென்று முடிவானால் படங்கள் பத்தாவது வேண்டும்: மூடியோடு, மூடி இல்லாமல், முள் மேலே, முள் பக்கவாட்டில், மூடி விளிம்பு, கிளிப், உடல் எழுத்து, திறந்த உட்புறம், பெயர் வெட்டிய இடம், குறை உள்ள இடம். சாம்பல் நிறத் துணிமேல், சன்னல் ஓரத்தில், பளிச்சொளி போடாமல். குறையை முதல் வரியிலேயே எழுதினால் திருப்பி அனுப்பும் தொல்லை வராது. விற்கும்வரை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், வெள்ளி மூடி கறுக்கும். பூச்சி உருண்டை போட்ட அலமாரியும் வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

அனுப்பும்போது மை துளியும் இருக்கக் கூடாது. மூடியைப் போட்டு, மெல்லிய தாளில் சுற்றி, இரும்புக்கடையில் கிடைக்கும் பிவிசி குழாயில் பேனா தளர்வாக நுழையும் அளவுக்கு ஒரு சாண் வெட்டி, இரு முனையிலும் பஞ்சு அடைத்து ஒட்டுங்கள். குழாயைக் குமிழித் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, தொடர் எண் உள்ள போஸ் லாஜு என்ற விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். முழுப் பெட்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் திறந்து மறுபடி அடையுங்கள்.